முகம் பார்த்துச் சொல்கிற சேதி

காரைக்குடி,
ஐப்பசி

அன்புள்ள உமையா,

அடைமழை. இரண்டாங்கட்டில் ஒழுகுகிறது, ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை. முகப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

மருமகளுக்கு ஐ.வி.எஃப்., அதான் சோதனைக்குழாய்க் குழந்தை சிகிச்சை, தொடங்குவதாக எழுதியிருந்தாய். "நல்ல கருவாகப் பார்த்து வைத்தால் தங்கிவிடும்தானே?" என்று கேட்டிருக்கிறாய். போன வருஷம் நானும் இதையேதான் கேட்டுக்கொண்டு அலைந்தேன்.

என் மகள் வள்ளிக்கு 11 முட்டை எடுத்தார்கள். அவள் அப்பச்சிக்கு ஒரே சந்தோஷம். 7 கருவாகி, ஐந்தாம் நாள் 3தான் மிஞ்சியது. அதற்கு மார்க் போடுகிறார்கள். 1 முதல் 6 வரை உள்ள எண், கரு எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதற்கு. அடுத்து இரண்டு எழுத்து: முன்னது குழந்தையாகப் போகிற செல்களுக்கு, பின்னது நஞ்சுக்கொடியாகப் போகிற செல்களுக்கு. வள்ளியுடையது 4ஏஏ. பள்ளிக்கூடத்தில்கூட அவள் இப்படி வாங்கியதில்லை என்று சிரித்தோம்.

அது தங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னது அப்புறம்தான் உறைத்தது. மார்க் என்பது பெண் பார்க்கப் போன இடத்தில் முகத்தைப் பார்த்துச் சொல்கிற மாதிரி. குரோமோசோம் சரியா என்பது மைக்ராஸ்கோப்பில் தெரியாது. எதை முதலில் வைப்பது என்று வரிசைப்படுத்தலாம், அதனால் காத்திருப்பு குறையலாம். இருக்கிற கருவின் தரம் அதனால் கூடிவிடாது.

குரோமோசோமைப் பார்க்கவும் ஒரு சோதனை உண்டு. கருவின் வெளிப்புறத்தில் நாலைந்து செல் எடுத்துப் பார்ப்பார்கள். செலவு அதிகம். 2019-ல் வந்த ஸ்டார் ஆய்வில் 25 முதல் 40 வயதுப் பெண்களிடம், சோதித்து வைத்ததையும் மார்க்கை மட்டும் பார்த்து வைத்ததையும் ஒப்பிட்டதில், மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வள்ளிக்கு 31 என்பதால் வேண்டாம் என்றோம். உன் மருமகளுக்கு 38. அந்த வயதில் பிசகின கரு கூடுதலாக இருக்கும், 40-ல் பாதிக்கு மேல் என்கிறார்கள். அந்த ஆய்விலேயே 35-க்கு மேற்பட்டவர்களுக்குக் கொஞ்சம் பலன் தெரிந்ததாம். அதனால் நீங்கள் டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். ஆனால் சோதித்தபின் வைக்க ஒன்றுமே மிஞ்சாமல் போகலாம், அதற்கும் மனசைத் தயார் பண்ணிக்கொள்ளச் சொல்.

"ரெண்டா வச்சிருங்களேன்" என்று சம்பந்தி ஆச்சி ஒரே பிடிவாதம். இரட்டை என்றால் குறைப்பிரசவ பயம் உண்டு என்று டாக்டரம்மா ஒன்றோடு நிறுத்திவிட்டார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. கல்யாண வீட்டுக்குப் போனால் "விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்குத்தான் பதில் சொல்லி மாளவில்லை.

வள்ளிக்கு அடுத்து வைக்க இருக்கிற கரு 3பிபி. தை பிறக்கட்டும் என்கிறாள் வள்ளி. நான் அவசரப்படுத்தவில்லை.

போன வருஷம் பிள்ளையார் நோன்புக்கு வயிற்றுப் பிள்ளைக்கும் சேர்த்து அவளுக்கு இரண்டு இழை (மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்கிற நூல்திரி) என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். நோன்புக்கு நாலு நாள் முன்னால் ரிசல்ட் வந்தது. ஒன்றை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன், அவளிடம் சொல்லவில்லை. இந்த வருஷம் நோன்புக்கு நீயும் வாயேன். மருமகளையும் கூட்டிக்கொண்டு வா.

உன்,
மெய்யம்மை