பில் தொகை 45 நாளில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுதொழிலுக்கு அரசு உதவி என்றாலே புதுக் கடனும் மானியமும்தான் பேச்சாக இருக்கின்றன. கோவை கணபதியில் மூன்று லேத்துகளை வைத்துக்கொண்டு இருபது ஆண்டுகளாகப் பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்து கொடுத்து வருபவன் நான். எங்களில் பலருக்குத் தேவை இன்னொரு கடனன்று; செய்து கொடுத்த வேலைக்கு வர வேண்டிய பணம்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனத்திடம் வேலை வாங்கியவர், எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாட்களுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாட்களுக்குள்ளும் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. சரக்கில் குறை கண்டால் 15 நாட்களுக்குள் எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். ஆனால் சென்ற ஆண்டு நான் ஒரு கம்பெனிக்கு அனுப்பிய ஷாஃப்டுகள் பம்புகளில் ஏறி விற்பனைக்கும் போன பிறகு, எழுபதாம் நாளில் எனக்கு வந்தது காசோலையன்று, ‘அளவு சரியில்லை’ என்று 12 உருப்படிகளுக்குப் போட்ட டெபிட் நோட்டு, அதாவது பில்லில் பணத்தைப் பிடித்துக்கொள்ளும் சீட்டு. அந்தப் பன்னிரண்டையும் திருப்பி அனுப்புங்கள் என்றேன். இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

இதற்குள் அந்தப் பில்லுக்கான ஜிஎஸ்டியை அடுத்த மாதமே நான் கட்டியாயிற்று. வாங்கியவரோ எனக்கு ஒரு ரூபாய்கூடத் தராமலேயே அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். 180 நாட்கள் தாண்டினால்தான் அதைத் திருப்ப வேண்டும். நான் வாங்கிய மெஷின் கடனுக்குத் தவணை 90 நாட்களுக்கு மேல் நின்றால் அது வாராக்கடன்.

பணம் வராவிட்டால், இத்தகைய பாக்கி வழக்குகளுக்கென்றே அந்தச் சட்டப்படி மாநில அரசு அமைத்துள்ள வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். 2017 முதல் ஒன்றிய அரசின் சமாதான் இணையதளத்திலேயே மனுப் போட முடிகிறது. மன்றம் 90 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றும், அதை எதிர்த்து நீதிமன்றம் போகிற வாங்குநர் 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மனுவில் என் பெயர் இருக்கும். என் வேலையில் முக்கால் பங்கைத் தருகிற கம்பெனி மீது மனுப் போட்டால் மறுநாளே ஆர்டர் பக்கத்துத் தெருப் பட்டறைக்குப் போய்விடும். (அவரும் எழுபது நாள் காத்திருப்பார், அது வேறு கதை.) கெடு தாண்டிய பாக்கியை, வாங்கியவர் அதைக் கொடுத்த ஆண்டில்தான் தன் செலவாகக் கழிக்கலாம் என்று 2023-24 நிதியாண்டு முதல் வருமான வரியில் விதி வந்தபோது, இனி விடிந்துவிடும் என்று நம்பினோம். ஆனால் நிதியாண்டு முடிகிற மார்ச் மாதத்தில் மட்டும் கொஞ்சம் பணம் புரள்கிறது. சிறுதொழில் என்று அரசிடம் செய்கிற பதிவுக்கு உத்யம் என்று பெயர்; ‘உத்யம் பதிவு இல்லாத ஆளாக இருந்தால் எங்களுக்குச் சௌகரியம்’ என்று முகத்துக்கு நேரே சொன்ன பர்ச்சேஸ் அதிகாரியும் உண்டு.

ஆகவே, புகார் கொடுக்கும் பாரத்தை எங்கள் தலையிலிருந்து இறக்க வேண்டும். குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் கம்பெனிகள், யாருக்கு எவ்வளவு, தாமதத்துக்குக் காரணம் என்ன என்ற விவரத்தை, 2019 முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. பங்குதாரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனங்களும் தனி உரிமையாளர்களும் இதில் வரமாட்டார்கள் என்றாலும், எங்களுக்குப் பெரிய பாக்கிகள் கம்பெனிகளிடம்தான் நிற்கின்றன. பாக்கிதாரரே கையெழுத்திட்டுக் கொடுத்த பட்டியல் அரசின் கையில் இருக்கும்போது, எங்களை மனு எழுதச் சொல்வானேன்? மாநில அரசு அந்த விவரங்களை ஒன்றிய அரசிடம் கேட்டுப் பெற்று, மன்றங்களின் வழியே தானாகவே நோட்டீஸ் அனுப்ப வேண்டும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையென்றால் அதையும் வலியுறுத்த வேண்டும். அரசுத் துறைகளும் வாரியங்களும் தாங்கள் சிறுதொழில்களுக்கு வைத்துள்ள பாக்கியை இதே போல ஆறு மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுமானால், தனியாரிடம் கேட்பதற்கு அரசுக்கும் வாய் இருக்கும்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.