‘பட்டன் அமுக்குற வேலை’யை விடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஓசூர் சிப்காட்டிலும் சூளகிரி, பர்கூர், போச்சம்பள்ளிப் பக்கத் தொழிற்சாலைகளிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகள் ஏராளமாக வேலை பார்க்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்துச் சேர்ந்த சில மாதங்களிலேயே அவர்களில் பலர் வீட்டில் சொல்வது: “இங்க கத்துக்க ஒண்ணுமில்ல.” பெற்றோர் அதைச் சோம்பல் என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐம்பது விநாடி சைக்கிள் டைமில் (ஒரு வண்டிக்குக் கிடைக்கும் நேரம்) நாலு போல்ட் முடுக்கிவிட்டு அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவன், ஒரு ஷிப்டில் ஐந்நூறு முறைக்கு மேல் அதையே செய்கிறான். மூன்று வருடம் கழித்து வேறு கம்பெனியில் “என்னப்பா தெரியும்?” என்று கேட்டால், சொல்ல அவனிடம் லைனில் நின்ற ஒரே ஒரு ஸ்டேஷன்தான் இருக்கும். வேலையை விட இது போதுமான காரணம். ஆனால் விடுகிற முறையில்தான் பலர் பணத்தையும் சர்வீஸையும் தொலைக்கிறார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, கம்பெனியிலேயே கற்க எதுவும் இல்லையா, நாம் நிற்கும் இடத்தில் மட்டும் இல்லையா என்பது. பெரிய தொழிற்சாலைகளில் லைன் ஓரத்தில் ‘ஸ்கில் மேட்ரிக்ஸ்’ என்று ஒரு அட்டவணை தொங்கும். ஆள் பெயர் ஒருபுறம், ஆபரேஷன்கள் மறுபுறம், நடுவில் கால், அரை, முக்கால், முழு வட்டங்கள். கால் என்றால் பயிற்சியில் இருக்கிறார், அரை என்றால் மேற்பார்வையில் செய்வார், முக்கால் என்றால் தனியாகச் செய்வார், முழு வட்டம் என்றால் அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பார் என்று பொதுவாக அர்த்தம். அந்த அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேராக ஒரே கட்டம் நிரம்பி மற்றவை காலியாக இருந்தால், சூப்பர்வைசரிடம் கேட்க ஒரு பிடி கிடைத்துவிட்டது. “போரடிக்குது சார்” என்றால் யாரும் அசைய மாட்டார்கள். “அடுத்த ஆடிட்டுக்குள்ள இந்த ரெண்டு ஆபரேஷன்ல என் பேர் ஏறணும் சார்” என்றால் அவருக்கும் வேலைக்கு ஆகும். லைனில் ஒருவர் லீவு போட்டால் மாற்று ஆள் தேடி அலைவது அவர்தானே.

சி.என்.சி. (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் மெஷின்) ஷாப்களில் நிலைமை வேறு. லோடு போட்டு, சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கி, எடுத்து அடுக்குவதோடு ஆபரேட்டர் வேலை முடிகிறது. ஆஃப்செட்டை, அதாவது அளவைத் திருத்த மெஷினில் போடும் எண்ணை, தொட விடமாட்டார்கள். அதற்குக் காரணமும் உண்டு. டிராயிங்கில் 25.00 மி.மீ. என்றிருக்கும் விட்டம், இன்செர்ட் (வெட்டும் முனை) தேய்ந்து 25.03 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேர் ஆஃப்செட்டில் (தேய்மானத் திருத்தம்) விட்டத்துக்கான எக்ஸில் மைனஸ் 0.03 கூட்ட வேண்டும். ஏற்கெனவே அங்கே மைனஸ் 0.05 இருந்தால் அது மைனஸ் 0.08 ஆக வேண்டும். ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலில் ‘பிளஸ் இன்புட்’ அழுத்தினால்தான் கூட்டும். வெறும் ‘இன்புட்’ அழுத்தினால் பழைய எண் அழிந்து மைனஸ் 0.03 மட்டும் நிற்கும். அடுத்த பீஸ் சிறுப்பதற்குப் பதில் 0.02 பருத்து 25.05 ஆகிவிடும். புள்ளி இடம் மாறி 0.3 என்று விழுந்துவிட்டால் அந்த பீஸ் நேரே ஸ்கிராப். இந்த பயத்தில்தான் ஆஃப்செட், மெஷினை அமைத்துக்கொடுக்கும் செட்டரின் கையிலேயே இருக்கிறது.

ஆகவே கற்க விரும்புகிறவர் முதலில் மைக்ரோமீட்டரில் தானே அளந்து, எவ்வளவு திருத்த வேண்டும் என்று நோட்டில் எழுதி, செட்டர் போடும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். கணக்கு தொடர்ந்து ஒத்துவந்தால் தைரியமாக வாய்ப்புக் கேட்கலாம். இன்னொன்று: பல ஷாப்களில் செட்டிங் மாற்றுவது பகலில்தான் நடக்கும். நிரந்தரமாக நைட் ஷிப்டில் கிடப்பவர் ஜி54 ஆரிஜின் (பீஸின் அளவுகள் தொடங்கும் புள்ளி) எடுப்பதையோ, புது புரோகிராமை சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக) ஓட்டிச் சரிபார்ப்பதையோ கண்ணால்கூடப் பார்க்க முடியாது. அவர் முதலில் கேட்க வேண்டியது ஷிப்ட் மாற்றம். நைட் அலவன்ஸ் போகும்தான். போகட்டும்.

இப்படி எழுத்தில் கேட்டு மூன்று மாதம் பார்க்கலாம். எதுவும் அசையவில்லை என்றால் கிளம்ப வேண்டியதுதான். அதற்கு மேல் காத்திருப்பதில் லாபம் இல்லை.

அப்ரண்டிஸாக இருப்பவர்களுக்கு மட்டும் வேறு யோசனை சொல்வோம்: எவ்வளவு சலிப்பாக இருந்தாலும் காலத்தை முடியுங்கள். பாதியில் நின்றால் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்காது.  ஒன்பதாவது மாதத்தில் கோபித்துக்கொண்டு ஊருக்கு வருபவர் அதையும் விட்டுவிட்டு வருகிறார்.

மற்றவர்கள் பேப்பர் போடும் முன் நாள் கணக்கு பார்க்க வேண்டும். தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டு நிரந்தரத் தகுதி வழங்கும் சட்டப்படி, 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளி நிரந்தரம் கோரலாம். அப்ரண்டிஸுக்கு அது பொருந்தாது. பணிக்கொடைக்கு ஐந்து ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஆனாலும் சில நிறுவனங்கள் முழு ஐந்தாண்டு கேட்டு இழுத்தடிக்கும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 18,000 ரூபாய் என்றால், அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 ஆண்டால் பெருக்க, 51,923 ரூபாய். நாலரை வருடத்தில் இருப்பவர் சில மாதம் பல்லைக் கடித்துக்கொள்வதற்கு இது தகும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தில், குறிப்பிட்ட காலத்துக்கு என்று நிறுவனமே நேரடியாக நியமித்தவர்களுக்கு ஓராண்டு முடிந்தாலே பணிக்கொடை உண்டு. நியமனக் கடிதத்தில் அந்தச் சொற்கள் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

“தீபாவளி போனஸ் வாங்கிட்டு நின்னுக்கலாம்” என்பது இங்கே எல்லா மெஸ்ஸிலும் கேட்கும் பேச்சு. சட்டப்படி அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. போனஸ் வரம்புக்குள் சம்பளம் வாங்கியவர், ஒரு கணக்காண்டில் 30 நாள் வேலை பார்த்திருந்தால், நின்ற பிறகும் அந்த ஆண்டுக்கான போனஸைப் பெற உரிமை உள்ளவர், குறைந்தபட்சம் 8.33 சதவீதம். நடைமுறையில், நின்றவர் கேட்டால்தான் கொடுப்பார்கள். கேட்பவர்தான் குறைவு. எடுக்காத ஈட்டிய விடுப்புக்கும் அப்படித்தான்: 20 நாள் வேலைக்கு 1 நாள் வீதம் சேர்ந்தது இறுதிக் கணக்கில் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ராஜினாமாக் கடிதம் நாலு வரி போதும்: பணியாளர் எண், பதவி, நோட்டீஸ் காலம் முடியும் தேதி, அந்தத் தேதியில் விடுவிக்கக் கோரிக்கை. சவால் இல்லை, சூப்பர்வைசர் சரியில்லை என்பதையெல்லாம் அதில் எழுத வேண்டாம். நகலில் தேதியோடு, பெற்றுக்கொண்டதற்கான இன்வேர்ட் முத்திரை வாங்க வேண்டும். தர மறுத்தால் மின்னஞ்சலில் அனுப்பலாம், ஒப்புகை பெறும் வசதியோடு விரைவுத் தபாலிலும் அனுப்பலாம். ஒரிஜினல் சான்றிதழ்கள் ஆபீஸில் இருந்தால், கடிதம் கொடுப்பதற்கு முன்பே ஏதாவது வேலைக்கு என்று கேட்டு வாங்கிவிடுவது நல்லது. இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்ற பாண்டில் கையெழுத்துப் போட்டவர்கள் அதில் எழுதிய தொகையைப் பார்த்தே மிரள வேண்டியதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் அனுமதிக்கிறது. பயிற்சிக்கு என்ன செலவானது என்று அவர்களிடம் கணக்குக் கேட்கலாம்.

அதிகம் கெடுவது, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடுவதால்தான். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் அப்படியே திரும்புவதில்லை. விளக்கம் கேட்டு கம்பெனி அனுப்பும் கடிதம் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ உள்ள வீட்டு விலாசத்துக்குப் போகிறது. பதில் வராததால் ‘ஓடிப்போனவர்’ என்று பதிவாகிறது. ரிலீவிங் லெட்டர் இல்லை. பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியும் ஏறுவதில்லை. புது கம்பெனி அதே யு.ஏ.என். என்ற பி.எஃப். எண்ணில் சேர்க்கும்போது, ஒரே காலத்தில் இரண்டு இடத்தில் வேலை பார்த்ததுபோல் தெரிந்து சந்தேகம் வருகிறது, பணம் மாற்றுவதும் சிக்குகிறது. பழைய நிறுவனம் தேதி போடாவிட்டால், கடைசிச் சந்தா செலுத்தி இரண்டு மாதம் கழித்து, ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுப்பினரே இணையத்தில் அந்தத் தேதியைப் பதியலாம். வேலையில் இருக்கும்போதே பெயர், பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எல்லாம் ஆதாரோடு ஒத்திருக்கின்றனவா என்று சரிபார்த்துவிட வேண்டும். நின்ற பிறகு சில திருத்தங்களுக்குப் பழைய கம்பெனி ஆபீஸ் வாசலில் காத்திருக்க நேரலாம்.

பி.எஃப். பணத்தை எடுத்து பைக் வாங்குவது இங்கே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஐந்தாண்டுக்குள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுத்தால், பான் கொடுத்திருந்தாலும் 10 சதவீதம் வரிப் பிடித்தம் வரலாம். அதைவிடப் பெரிய நஷ்டம் ஓய்வூதியத்தில். நிறுவனத்தின் பங்கிலிருந்து, பி.எஃப். கணக்கிடும் சம்பளத்தின் 8.33 சதவீதம் (உச்சவரம்புக்கு உட்பட்டு) ஓய்வூதியக் கணக்குக்குப் போகிறது. மாத ஓய்வூதியம் பெற மொத்தம் 10 ஆண்டு சர்வீஸ் வேண்டும். ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் ஓய்வூதியப் பங்கையும் சேர்த்து எடுப்பவருக்கு அந்தக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். எடுக்காமல் புது கம்பெனிக் கணக்குக்கு மாற்றினால் சர்வீஸ் தொடரும்.

புது வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது சம்பளத்தை மட்டும் பார்த்து அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திராவுக்குப் போகிறவர்கள், அங்கே வீட்டுக்குக் கேட்கும் பல மாத வாடகை அட்வான்ஸையும், கர்நாடகத்தின் தொழில் வரிப் பிடித்தத்தையும் கணக்கில் சேர்க்கட்டும். சம்பளம் 21,000-ஐத் தாண்டும் இடத்தில் சேர்ந்தால் இ.எஸ்.ஐ. இல்லை, பெற்றோர் மருத்துவத்துக்கு அதை நம்பியிருப்பவர் அதற்குள் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவைக்க வேண்டும். நேர்முகத் தேர்வில் மூன்று கேள்வி தவறாமல் கேட்கலாம்: எந்த மெஷின், செட்டிங் யார் செய்வார், ஆறு மாதத்தில் எத்தனை ஆபரேஷன் மாற்றுவீர்கள். பதிலில் மழுப்பல் தெரிந்தால் அதுவும் பட்டன் அமுக்குற வேலைதான்.

இரு மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களில் நிறுவனங்கள் சம்பளம், உணவு, பேருந்து ஆகியவற்றைப் பெரிதாக எழுதி வைக்கின்றன. நியமிப்பது கம்பெனியா கான்ட்ராக்டரா, என்ன ஆபரேஷன், ஆபரேஷன் மாற்றம் உண்டா, நோட்டீஸ் காலம் எவ்வளவு என்ற நான்கையும் அதே பலகையில் எழுதினால்தான் மேசை ஒதுக்குவது என்று ஒரு விதி வைத்தால் போதும்.

இப்படிக்கு,
தொழிற்சாலைப் பணியாளர் பிரிவில் வேலை பார்க்கும் வாசகர்கள்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.