திரையை அளந்தீர்கள், செயலியைத் திறந்து பார்த்தீர்களா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த டேப்லெட் ஒப்பீட்டுக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். புராசசர், கேமரா, பேட்டரி, திரையின் அங்குலம் என்று எல்லாவற்றுக்கும் மதிப்பெண் இருந்தது. வாங்கியவர் அந்தத் திரையில் எதைத் திறக்கப்போகிறார் என்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. செயலி எழுதிப் பிழைக்கும் எனக்கு அது மிகவும் உறுத்தியது.

சிறுவர்கள் எழுத்துப் பழகுவதற்கான செயலி ஒன்றைச் செய்திருக்கிறேன். செல்போனுக்காக, நிமிர்ந்த நிலைக்கு மட்டும் எழுதியது அது. முதன்முறையாக ஓர் ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் திறந்து படுக்கைவாட்டில் திருப்பினேன். செயலி நடுவில் செல்போன் அளவுக்கு ஒடுங்கி நின்றது. இரு பக்கமும் கறுப்புப் பட்டை. ஸ்டைலஸ் எனும் திரைப் பேனாவைப் பிடித்து எழுத வந்த குழந்தையின் உள்ளங்கை பட்ட இடத்திலெல்லாம் கோடு விழுந்தது. இரண்டு எழுத்து எழுதிவிட்டுக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே எழுதப் பார்த்தது அந்தக் குழந்தை. தொடுவது விரலா, ஸ்டைலஸா என்று பிரித்துச் சொல்லும் வசதியை ஐபேடும் தருகிறது, ஆண்ட்ராய்டும் தருகிறது. நான்தான் அதைப் பயன்படுத்தாமல் விட்டிருந்தேன். சரிசெய்ய ஆறு வாரம் பிடித்தது.

அந்த ஆறு வார உழைப்பை ஒருவர் எந்தத் தளத்துக்குக் கொடுக்க முன்வருகிறார் என்பதில்தான் உண்மையான ஒப்பீடு இருக்கிறது. 2010 ஏப்ரலில் ஐபேட் விற்பனைக்கு வந்தபோதே பெரிய திரைக்கென எழுதிய செயலிகள் அதில் கிடைத்தன. ஐபோன் செயலியும் ஓடும்; ஆனால் சிறு சட்டத்துக்குள், அல்லது இரு மடங்காக ஊதிப்போய். பார்த்த மாத்திரத்தில் குறை தெரிந்ததால் எழுதியவர்கள் திருத்தியே ஆகவேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டிலோ செல்போன் செயலிகள் பெரும்பாலும் தாமாகவே இழுபட்டுத் திரையை நிரப்பிவிடும். அது போதும் என்று பலர் நின்றுவிட்டார்கள். கூகுள் 2011இல் டேப்லெட்டுக்கென்றே 3.0 பதிப்பைக் கொண்டுவந்தது. பெரிய திரைக்கான அடுத்த தனிப் பதிப்பான 12எல் வர 2022 ஆயிற்று. 2025இல் வந்த ஆண்ட்ராய்டு 16, அதற்கென எழுதப்படும் செயலிகள் பெரிய திரையில் நிமிர்ந்துதான் நிற்பேன் என்று அடம்பிடிப்பதை ஏற்பதில்லை. விளையாட்டுகளுக்கு விலக்கு உண்டு. மனதார வரவேற்கிறேன்.

புதிதாகத் தொழிலுக்கு வருபவருக்கு ஆண்ட்ராய்டு எளிது. பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர். கையில் இருக்கும் விண்டோஸ் அல்லது லினக்ஸ் கணினியே போதும். ஆப்பிளுக்கு ஆண்டுதோறும் 99 டாலர், கூடவே பெரும்பாலும் ஒரு மேக் கணினியும் வேண்டும். பயனரின் கோணத்திலும் வேறுபாடு உண்டு. அதிகாரபூர்வச் செயலிக் கடைக்கு வெளியிலிருந்து செயலியை நிறுவ ஆண்ட்ராய்டு தொடக்கம் முதலே வழிவிட்டிருக்கிறது. ஐபேடுக்கு மாற்றுக் கடைகள் 2024இல் வந்தன, அதுவும் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தின் நெருக்குதலால், அங்கு மட்டும்.

எச்.பி.யின் டச்பேட் என்ற டேப்லெட்டைத் தங்கள் வாசகர்கள் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். 2011 ஜூலையில் வந்தது. அதே ஆண்டின் ஐபேட் 2க்கு இருந்த அதே 9.7 அங்குலத் திரை, அதே 1024க்கு 768 புள்ளிகள். பல செயலிகளை அட்டைகள்போல் விரித்து மாறி மாறிப் பார்க்கும் அதன் முறை எனக்கு இன்றும் பிடிக்கும். ஆனால் அதற்குச் செயலி எழுத ஆள் சேரவில்லை. ஏழே வாரத்தில் நிறுவனம் கைவிட்டது. தங்கள் மதிப்பெண் பட்டியலில் அன்று அதை வைத்திருந்தால் நல்ல இடமே கிடைத்திருக்கும்.

அடுத்த ஒப்பீட்டுக்கு ஒரு வேண்டுகோள். எல்லோரும் அன்றாடம் பயன்படுத்தும் பத்துச் செயலிகளை ஒவ்வொரு டேப்லெட்டிலும் திறந்து பாருங்கள். படுக்கைவாட்டில் திருப்புங்கள். இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். ஸ்டைலஸ் உள்ளதென்றால், கையைத் திரையில் ஊன்றியபடி நாலு வரி எழுதுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு அப்டேட் தருவதாகத் தயாரிப்பாளர் எழுத்தில் சொல்லியிருக்கிறார் என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்