அண்ணியாருக்கு நாலு வரி

ஐயா,

டிசம்பர் 16 வெற்றி நாள் செய்திகளைப் படித்தேன். தளபதிகள் இருந்தார்கள், சிப்பாயின் கடிதங்களைத்தான் காணோம்.

அந்த வெற்றியைத் தந்த 1971 பாகிஸ்தான் போரில் அப்பா மேற்கு எல்லையில் இருந்தார். கொழிஞ்சாம்பாறைக்கு வந்த அவருடைய இன்லண்ட் லெட்டரில் அனுப்புநர் ஊர் இருக்காது. நம்பர், யூனிட், '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலைய எண், அவ்வளவுதான். சண்டை பற்றி மூச்சே விடமாட்டார். 'ஆழியாறு தண்ணி வாய்க்காலுக்கு வந்துச்சா? செவலை கன்னு போட்டுச்சா?'

மடிப்போரத்தில் தெலுங்கில் நாலு வரி இருக்கும். நீலகிரி வெலிங்டன் ராணுவப் பயிற்சியில் அப்பாவோடு இருந்த, ஆந்திராவின் குப்பம் ஊர்க்காரர் எழுதியது. தமிழ் நன்றாகப் பேசுவார், எழுத வராது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெலுங்கு தெரியாது. அப்பாவின் பதினாறாம் நாளுக்கு வந்த அந்த நண்பரே, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்துக் காட்டினார்: 'அண்ணி, இவன் சரியா சாப்பிடறதில்லை, நீங்க கேளுங்க.'

பூச்சி அரிக்குமுன் இப்படிப்பட்ட கடிதங்களை வாரம் ஒன்றாகத் தாங்கள் வெளியிடலாமே? எங்கள் டிரங்குப் பெட்டியில் நாற்பதுக்குமேல் இருக்கின்றன.

- ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்