விழுந்த இடமும் விமானமும்

நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை, பிறகு வீடு மாற்றம் என்று காரணங்கள் இருந்தாலும் பதில் எழுதாதது என் பிழையே, பொறுத்துக்கொள். இங்கே அனைவரும் நலம். உன் மகள் யாழினி அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டிலிருந்து அனுப்பிய படங்களைப் பார்த்த பின் இனியும் தள்ளிப்போட மனம் வரவில்லை.

2023இல் அங்கே திறக்கப்பட்ட போர் அருங்காட்சியகத்தின் படங்கள் அவை. 1942 முதல் 1945 வரை அசாமிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குப் பறந்த நேச நாட்டு விமானங்களில் 500க்கும் மேற்பட்டவை வழியிலேயே விழுந்தன. காட்டில் கிடைத்த அவற்றின் பாகங்களை அங்கே வைத்திருக்கிறார்கள். "விழுந்த விமானங்கள் எல்லாவற்றையும் இப்படி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும்" என்று நீ சொல்வது இங்கேயே காதில் விழுகிறது. சோழவரத்துக்குக் கார்ப் பந்தயம் பார்க்கப் போய், பந்தயத்தை விட்டுவிட்டுப் போர்க்கால ஓடுதளத்தைக் காலடியால் அளந்தவன் அல்லவா நீ! ராஜி இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். ஆனால், இந்த விஷயத்தில் உன்னோடு என்னால் உடன்பட முடியவில்லை.

லிபியாவில் கிடந்த 'லேடி பி குட்' விமானத்தை எண்ணிப்பார். 1943 ஏப்ரல் 4 அன்று நேப்பிள்ஸைத் தாக்கப் புறப்பட்ட அந்த லிபரேட்டர் வகை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம், திரும்பும்போது இரவில் தன் தளத்தைக் கடந்தது தெரியாமல் பாலைவனத்துக்குள் வெகுதூரம் போய்விட்டது. எரிபொருள் தீரும் நேரத்தில் ஒன்பது பேரும் பாராசூட்டில் குதித்தார்கள். ஆளில்லாத விமானம் தானே மணலில் இறங்கி, முதுகு முறிந்தாலும் முழுதும் சிதையாமல் கிடந்தது. 1958இல் எண்ணெய் தேடியவர்கள் வானிலிருந்து அதைக் கண்டார்கள். மறு ஆண்டு நேரில் போனபோது துப்பாக்கி சுட்டது, ரேடியோ இயங்கியது, தண்ணீரும் உள்ளே இருந்தது. ஒருவருக்குப் பாராசூட் விரியவில்லை. மற்ற எட்டுப் பேரும் ஒரு குடுவையில் பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு, விமானத்துக்கு எதிர்த்திசையில், 100 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து மாண்டார்கள். அவர்கள் குதித்த இடத்திலிருந்து விமானம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில்தான் கிடந்தது என்று படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தத் தொலைவுதான் சுந்தரம், அந்த விமானத்தின் கதை. வந்தவர் போனவரெல்லாம் நினைவுக்கென்று கழற்றியது போக, மிஞ்சியதை 1994இல் லிபியாவின் டோப்ருக் நகரில் உள்ள இராணுவத் தளத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இடத்தை இழந்த பின் அது வெறும் அலுமினியம். விட்டுவைத்தால் திருடர்கள் சும்மா விடுவார்களா என்று நீ கேட்பாய். அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை என்பதே என் வேதனை.

பப்புவா நியூ கினியின் சதுப்பிலிருந்து 2006இல் எடுக்கப்பட்டு, 2013இல் பேர்ல் துறைமுகம் சேர்ந்த பி-17 குண்டுவீச்சு விமானத்தையும் நீ காட்டுவாய். 1942இல் அதில் இருந்த ஒன்பது பேரும் உயிரோடு வெளியேறியவர்கள். அதனால் அதைப் பற்றி உன்னோடு வாதாட மாட்டேன். மனிதர் மாண்ட விமானம் என்றால், முதலில் தேட வேண்டியது எலும்பை, இயந்திரத்தை அன்று.

சென்ற ஞாயிறு நந்தம்பாக்கம் போர்க் கல்லறைக்குப் போயிருந்தேன். ஒவ்வொரு கல்லிலும் பெயர், வயது. லிபியப் பாலைவனத்தில் குதித்த ஒன்பது பேரில் எட்டுப் பேரின் உடல்கள் 1960இல் கிடைத்தன. ஒன்பதாமவர் இன்னும் மணலில்தான் இருக்கிறார்.

யாழினியிடம் ஒன்று கேட்டு எழுது. அந்தப் பாகங்களுக்கு அருகே, அவை எந்த மலையில் கிடந்தன, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

உன் அன்புள்ள,
கோபாலன்