காது கொடுக்கக் கற்றுத்தந்தவர்களுக்கு

அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்து வானொலி ஸ்டூடியோவில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

2004 பிப்ரவரி 1 அன்று, 90.4 மெகாஹெர்ட்ஸில் அண்ணா எப்.எம். தன் முதல் ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி, அதாவது கல்லூரி வளாகத்திலிருந்து அக்கம்பக்கத்து மக்களுக்காக நடக்கும் சின்ன வானொலி, அதுதான். அடுத்த வருடம் மாணவியாக நான் அங்கே நுழைந்தபோது இதெல்லாம் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியாது. வானலைகள் மக்கள் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் கல்வி நிறுவனங்கள் வானொலி நடத்தலாம் என்று அரசு முடிவெடுக்க 2002 கடைசி வரை ஆனது. கதவு திறந்ததும் உள்ளே போய், அப்படியே மாணவர்கள் கையிலும் அக்கம்பக்கத்து மக்கள் கையிலும் மைக்கைக் கொடுத்த, அண்ணா எப்.எம்.-ஐ உருவாக்கிய முனைவர் ஆர். ஸ்ரீதர் அவர்களுக்கு என் முதல் நன்றி. 2006-இல் தொண்டு நிறுவனங்களுக்கும் வானொலி நடத்த அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே, சாதாரண ஜனங்களால் நிகழ்ச்சி செய்ய முடியும் என்று அங்கே காட்டியாகிவிட்டது.

சமுதாய வானொலி விதிகளின்படி, செய்தி வாசிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அப்போது அது எனக்குப் பெரிய மனக்குறை. இன்று யோசித்தால், செய்தி இல்லாததால்தான் ரத்தசோகை, குடிதண்ணீர், ரேஷன் அரிசி என்று வீட்டு வாசலில் இருக்கும் விஷயங்களைத் தேடிப் போனோம் என்று தோன்றுகிறது.

எடிட்டிங் சொல்லிக்கொடுத்த அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது? பெயர் எழுதினால் கோபித்துக்கொள்வீர்கள். என் முதல் பேட்டியைக் கேட்டு முடித்ததும் ஹெட்போனைக் கழற்றி, "ஆறு நிமிஷத்துல நாலு நிமிஷம் நீயேதான் பேசியிருக்க" என்றீர்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்புறம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். மவுஸை மட்டும் கடைசி வரை நீங்கள் தொடவில்லை. என் கேள்விகளை நானே ஒவ்வொன்றாக வெட்டினேன். பேசியவர் நடுவில் மூச்சு இழுத்த இடத்தையும் வெட்டப் போனபோது, "அது இருக்கட்டும், அவங்க யோசிக்கிறாங்க" என்று தடுத்தீர்கள். இப்போது எனக்குக் கீழே வேலை பழகும் பிள்ளைகளிடம் நானும் அதையேதான் சொல்கிறேன்.

கோட்டூர்புரம் குடியிருப்பிலிருந்து வந்த இட்லிக்கடை அக்கா, உங்களை மறக்கவே முடியாது. மின்விசிறி சத்தம் பதிவாகிவிடும் என்று அதை நிறுத்திவிட்டு, மே மாத வெக்கையில் உங்களை முக்கால் மணி நேரம் பேசவைத்தேன். முடிந்த பிறகுதான் தெரிந்தது, நான் பதிவுப் பொத்தானை அழுத்தவே இல்லை. அழுதுகொண்டே சொன்னேன். "அதுக்கு ஏன் கண்ணு அழுவுற, நாளைக்குக் கடையைச் சீக்கிரம் கட்டிட்டு வந்துடுறேன்" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டீர்கள். சொன்னபடியே வந்தீர்கள். முதல் நாள் "வணக்கம் நேயர்களே" என்று விறைப்பாக ஆரம்பித்தவர், மறுநாள் எதிர்வீட்டுக்காரரிடம் பேசுவதுபோலப் பேசினீர்கள். மறுநாள் பேசிய அந்தப் பதிவுதான் ஒலிபரப்பானது.

ஒலிப்பதிவுக் கருவிகளைப் பார்த்துக்கொண்ட அண்ணா, இரவு வெகுநேரமானாலும் முகம் சுளிக்காமல் சாவியோடு காத்திருந்த காவலாளி ஐயா, பரீட்சை நேரத்தில் என் நிகழ்ச்சி நேரத்தை வாங்கிக்கொண்ட வகுப்புத் தோழர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி.

இட்லிக்கடை அக்கா, உங்கள் பதிவின் நகல் ஒன்று குறுந்தகட்டில் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் மீனம்பாக்கம் போகும் விமானம் ஒன்று கேட்கும். அது கடந்து போகும்வரை பேச்சை நிறுத்திவிட்டு, "போயிடுச்சா கண்ணு?" என்று கேட்டுவிட்டுத் தொடர்வீர்கள். அதையும் நாங்கள் வெட்டவில்லை.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி