சைக்கிள் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் இவ்வறிக்கை அனுப்பப்படும். அவர்களை மனத்தில் வைத்தே சில பத்திகள் எழுதப்பட்டுள்ளன.

செயற்குழு விதிப்படி கூடியது. பழுதுபார்ப்புப் பயிற்சி மழையால் தள்ளிப்போய், பின்னர் நடைபெற்றது. ஆண்டு விழா நடந்தது.

இவ்வாண்டின் முக்கியப் பணி, ஞாயிறு சவாரியின் ஒரு பிரிவை நெடுஞ்சாலையிலிருந்து மண்சாலைக்கும் வாய்க்கால் கரைக்கும் மாற்றியது. ‘செயலாளர் கிராவல் சைக்கிள் வாங்கிவிட்டார், அதற்காகச் சங்கமே சரளைக்கல்லில் உருள வேண்டுமா?’ என்று சென்ற கூட்டத்தில் ஓர் உறுப்பினர் கேட்டது குறிப்பேட்டில் பதிவாகியுள்ளது. பதில் சொல்வது என் கடமை.

நம்மில் பலரிடம் உள்ள ரோடு சைக்கிளின் டயர் 25 அல்லது 28 மி.மீ. அகலம். அதில் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்குக் குறையாமல் காற்றடித்துக்கொண்டு சரளையில் இறங்கினால், ஒவ்வொரு கல்லுக்கும் மணிக்கட்டு கணக்குச் சொல்ல வேண்டும். சரளைச் சாலைக்கென்றே செய்யப்படும் கிராவல் சைக்கிளில் 40, 45 மி.மீ. டயர், ஓட்டுபவரின் எடையைப் பொறுத்து 30 முதல் 40 பி.எஸ்.ஐ. போதும். இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் சற்று அதிகம் என்பதால் பை கட்டினாலும் அலைபாயாது. முன் ஃபோர்க்கிலேயே பைதாங்கி பொருத்தத் திருகுத் துளைகள் உண்டு. செயின் ஓடும் பல்சக்கரங்களை முன்னால் 40 பல், பின்னால் 42 பல் என்று அமைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்றுகூட முழுதாகச் சுற்றாது. மேட்டில் சுமையோடு ஏறியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

தார்ச்சாலையில் வேகம் கொஞ்சம் குறையும், மறுக்கவில்லை. ஆனால் ‘ஓய்வு பெற்றவர்களின் வண்டி’ என்ற கேலி பொருந்தாது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் 2006 முதல் சரளைச் சாலையில் 200 மைல் பந்தயம் ஓட்டுகிறார்கள். 2022இல் இத்தாலியில் இதற்கு உலகச் சாம்பியன் போட்டியே தொடங்கிவிட்டது. கேலி செய்தவர் 20 மைலுக்கு வந்தாலே சங்கம் மகிழும்.

நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராக, ‘லாரி, லாரி’ என்று கத்துவதைத் தவிர நமக்குள் வேறு பேச்சு இருந்ததில்லை. மண்சாலையில் இருவர் இருவராகப் பேசிக்கொண்டே போகிறோம்.

டியூப் இல்லா டயரில் நம்பிக்கையற்றிருந்த பொருளாளரின் பின்சக்கரத்தில் ஒரு முறை முள் ஏறியது. பிடுங்கியதும், ஓட்டையை அடைப்பதற்காக டயருக்குள் ஊற்றியிருந்த வெள்ளைத் திரவம் நுரைத்துச் சீறியது. ஓட்டை கீழே வரும்படி சக்கரத்தைத் திருப்பி வைத்தோம். சீறல் தணிந்து அடைபட்டது. கொஞ்சம் காற்றடித்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அந்தத் திரவம் சில மாதங்களில் உலர்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும் என்று பலமுறை சுற்றறிக்கை அனுப்பினேன். படிக்காதவர்களைத்தான் வழியில் நின்று காத்திருந்து அழைத்துவந்தோம்.

யாரும் புது வண்டி வாங்க வேண்டியதில்லை. ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் இடமிருந்தால், இருக்கும் சைக்கிளுக்கே அகலமான டயர் மாட்டிப் பார்க்கலாம்.

சனிக்கிழமை இரவு வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் உயர்த்துபவர்கள் ஏராளம். ஞாயிறு விடியலில் வந்து நிற்பவர்கள் எப்போதும் அதே முகங்கள். சந்தா பாக்கியும் ஏறக்குறைய இதே விகிதத்தில் இருக்கிறது. பாக்கி வைத்திருப்பவர்கள்தான் பாதையைப் பற்றி அதிகம் கருத்துச் சொல்கிறார்கள் என்பது தற்செயலாக இருக்கலாம்.

வரவுக்குள் செலவு அடங்கியது. விவரம் வேண்டுவோர் பொருளாளரை அணுகலாம். சங்கத்தின் காற்றழுத்தமானி இரவலாகப் போய்த் திரும்பவில்லை. குறைந்த அழுத்தத்தில் ஓட்டும்போது கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து மதிப்பிட முடியாது. எடுத்தவருக்கும் இது தெரியும்.

தலைவருக்கும் செயற்குழுவுக்கும் சவாரிகளில் கடைசியாக வந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இரவு தங்கும் பயணம் ஒன்று திட்டத்தில் உள்ளது. வழி பார்த்துவர இன்னும் இருவர் தேவை. என் பதவிக்காலம் முடிகிறது. மீண்டும் நிற்கும் எண்ணம் எனக்கில்லை. வேறு வேட்புமனு எதுவும் இதுவரை வரவில்லை என்பதையும் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறேன். ரசீதுப் புத்தகம் கூட்டம் முடியும்வரை பொருளாளரின் மேசையில் இருக்கும்.

செயலாளர்